உங்களுக்குத் தெரியுமா? கணினி எண்ணும் காசு

மளிகைக் கடை பில், சம்பளச் சீட்டு, வங்கிக் குறுஞ்செய்தி, ரயில் டிக்கெட் செயலி என்று எல்லாவற்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு புரோகிராம் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது. பணத்தை வெறும் எண்ணாக நினைத்து எழுதப்பட்ட புரோகிராம் என்றாவது ஒருநாள் கணக்கில் பிசகும். எங்கே பிசகும், ஏன் பிசகும், ஆப்ஜெக்ட் ஓரியன்டட் முறையில் (தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் ஒரே ‘ஆப்ஜெக்ட்’ ஆகக் கட்டும் முறை) எழுதுகிறவர்கள் அதை எப்படித் தடுக்கிறார்கள் என்பதைத் துணுக்குகளாகப் பார்ப்போம். புரோகிராம் எழுதாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். காசு எல்லோருக்கும் பொது.

● ஜாவாவிலோ பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள். 0.3 வராது, 0.30000000000000004 வரும். கணினி பழுதாகவில்லை. ‘டபுள்’ எனப்படும் எண் வகை பின்னங்களை 1/2, 1/4, 1/8, 1/16 என்று இரண்டின் அடுக்குகளாகவே சேர்த்து வைக்கிறது. இவற்றை எப்படிக் கூட்டினாலும் பத்தில் ஒன்றைச் சரியாக எட்ட முடியாது. அதனால் நீங்கள் 0.1 என்று கொடுத்ததை அது 0.1000000000000000055511151231257827021181583404541015625 என்று வைத்துக்கொள்கிறது. இந்த முறைக்கான ஐஇஇஇ 754 தரம் 1985-இல் வெளியானது. ராக்கெட் பாதைக்கும் வானிலைக் கணிப்புக்கும் அது அருமையான ஏற்பாடு. கல்லாப்பெட்டிக்கு ஆகாது.

● ஒரு ரூபாய்க்குள் 00 முதல் 99 வரை நூறு பைசா மதிப்புகள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் டபுள் வகையில் துல்லியமாக உட்காருபவை நான்கே நான்கு: 00, 25, 50, 75. மீதி 96-ம் தோராயம்தான். சோதனைக்கு எப்போதும் 100.50, 200.25 என்று கொடுத்துப் பார்ப்பவர்களுக்குப் பிழை கண்ணில் படாமலே போவதற்கு இதுதான் காரணம்.

● 1957 ஏப்ரல் 1-க்கு முன் இந்திய ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணா என்பது 0.0625 ரூபாய். இது டபுள் வகையில் இம்மியும் பிசகாமல் அடங்கும். ரூபாயில் 64-இல் ஒரு பங்கான காலணாவும் அடங்கும். 192-இல் ஒரு பங்கான ‘பை’ மட்டும் அடங்காது. அதற்குள் மூன்று என்ற காரணி ஒளிந்திருக்கிறது. நம் பழைய கணக்கு வழக்கிலும் இதே கதைதான். அரைக்கால் (1/8), மாகாணி (1/16) ஆகியவை கணினிக்குக் கச்சிதமானவை. மா (1/20), இருமா (1/10), முந்திரி (1/320) ஆகியவற்றில் ஐந்து என்ற காரணி இருப்பதால் அவை தோராயமாகவே நிற்கும். புதிய பைசா வந்ததில் மனிதருக்குக் கணக்கு எளிதானது, கணினிக்குக் கடினமானது.

● நியூயார்க் பங்குச் சந்தையில் 2001 வரை விலைகளைச் சென்ட்டில் சொல்லவில்லை. டாலரில் எட்டில் ஒரு பங்கு, பிறகு பதினாறில் ஒரு பங்கு என்று பின்னங்களில்தான் சொன்னார்கள். எட்டுத் துண்டாகப் பிரித்த ஸ்பானிய வெள்ளி நாணயம் விட்டுச்சென்ற பழக்கம் அது. 2001 ஏப்ரலுக்குள் அமெரிக்கச் சந்தைகள் முழுவதும் தசமத்துக்கு மாறின.

● அப்படியானால் பணத்தை எதில் வைப்பது? ஒரு வழி, ரூபாயை விட்டுவிட்டுப் பைசாவை முழு எண்ணாக வைப்பது. ரேசர்பே, ஸ்ட்ரைப் போன்ற கட்டணச் சேவைகளின் இடைமுகங்கள் இப்படித்தான் கேட்கின்றன. 500 ரூபாய் வாங்க வேண்டுமென்றால் 50000 என்று அனுப்ப வேண்டும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கையில் இருப்பது வெறும் முழு எண் என்றால் அது ரூபாயா பைசாவா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஓரிடத்தில் நூறால் பெருக்க மறந்தாலோ, இரண்டு இடத்தில் பெருக்கிவிட்டாலோ தொகை நூறு மடங்கு மாறிவிடும்.

● முழு எண்ணுக்கும் எல்லை உண்டு. 32 பிட் முழு எண்ணில் பைசாவை வைத்தால் அதிகபட்சம் ₹2,14,74,836.47. சென்னையில் ஒரு நல்ல வீட்டின் விலையே அதைத் தாண்டிவிடும். தாண்டினால் ஜாவாவில் எச்சரிக்கை எதுவும் வராது. தொகை சத்தமில்லாமல் கழித்தல் எண்ணாகிவிடும். 64 பிட் என்றால் சுமார் 92,233 லட்சம் கோடி ரூபாய் வரை கவலையில்லை. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகையில் பிசகாத முழு எண்ணின் எல்லை 9007199254740991. பைசாவில் பார்த்தால் அது சுமார் 90 லட்சம் கோடி ரூபாய். ஒன்றிய அரசின் 2025-26 பட்ஜெட்டில் மொத்தச் செலவு மதிப்பீடு 50.65 லட்சம் கோடி. அதுவரை தாங்கும்.

● இந்த எல்லை உண்மையிலேயே முட்டியிருக்கிறது. வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்தவே நிறுவனத்தின் ‘ஏ’ வகைப் பங்கின் விலை 2021 மே மாதம் 4,20,000 டாலரைத் தாண்டியது. நாஸ்டாக் அமைப்பின் கணினிகள் விலையை நான்கு தசம இடங்களோடு, கழித்தல் எண்ணுக்கு இடமில்லாத 32 பிட் முழு எண்ணில் வைத்திருந்தன. அதில் அடங்கும் உச்ச விலை 4,29,496.7295 டாலர். எல்லை நெருங்கியதும் அந்தப் பங்கின் விலையைச் சில தரவு ஓடைகளில் ஒளிபரப்புவதை நாஸ்டாக் தற்காலிகமாக நிறுத்தியது. ஒரு பங்கு அவ்வளவு விலைக்குப் போகும் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

● இன்னொரு வழி, பத்தின் அடுக்குகளில் எண்ணும் வகைகள். ஜாவாவில் பிக்டெசிமல், சி ஷார்ப்பில் டெசிமல், பைத்தானில் 2004 முதல் டெசிமல் மாட்யூல். சி ஷார்ப்பின் டெசிமல் 128 பிட் நீளம். 28 முதல் 29 இலக்கங்கள் வரை துல்லியம். பைத்தானின் டெசிமலும் நாம் மாற்றாதவரை 28 இலக்கங்களையே கணக்கில் கொள்கிறது.

● பிக்டெசிமலைப் பயன்படுத்தினால் மட்டும் போதாது. அதற்குள் தொகையை எப்படிக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். மேற்கோள் குறிக்குள் எழுத்தாக "0.1" என்று கொடுத்தால் சரியாக 0.1 கிடைக்கும். குறியில்லாமல் 0.1 என்று எண்ணாகக் கொடுத்தால் மேலே பார்த்த அந்த நீண்ட வால் உள்ளே நுழைந்துவிடும். கெட்டுப்போன பிறகு துல்லியமாகப் பாதுகாத்து என்ன பயன்?

● ஜாவாவின் பிக்டெசிமலைக் கேட்டால் 2.0-ம் 2.00-ம் சமமில்லை என்று சொல்லும்! ‘ஈக்வல்ஸ்’ என்ற மெத்தட் (ஆப்ஜெக்ட் செய்யும் ஒரு செயல்) மதிப்போடு தசம இடங்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடுகிறது. மதிப்பை மட்டும் ஒப்பிட ‘கம்பேர்டூ’ என்று தனி மெத்தட் இருக்கிறது. இதன் விளைவு விசித்திரமானது. 2.0, 2.00 இரண்டையும் ஈக்வல்ஸை நம்பும் ‘ஹேஷ்செட்’ என்ற தொகுப்பில் போட்டால் இரண்டு உறுப்புகள் இருக்கும். கம்பேர்டூவை நம்பும் ‘ட்ரீசெட்’ தொகுப்பில் போட்டால் ஒன்றுதான் இருக்கும். கட்டிய தொகையும் கேட்ட தொகையும் ஒன்றா என்று பார்க்கும் இடத்தில் இதைக் கவனிக்காவிட்டால், முழுப் பணமும் கட்டியவருக்கு ‘பாக்கி’ என்று காட்டும்.

● 1-ஐ 3-ஆல் வகுக்கச் சொன்னால் பிக்டெசிமல் மறுத்துவிடும். எத்தனை இடத்தில் நிறுத்த வேண்டும், எப்படி ரவுண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லாதவரை பிழை எறியும். முதல்முறை பார்ப்பவருக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் பணத்தைக் கையாளும் ஒரு கருவியிடம் எதிர்பார்க்க வேண்டிய நேர்மை இதுதான்: தானாக ஊகித்துக்கொள்வதைவிட நம்மைக் கேட்பது.

● ஜாவாவில் கூட்டல் குறியை நம் சொந்த கிளாஸுக்கு (ஆப்ஜெக்ட்களை வார்க்கும் அச்சுக்கு) பயன்படுத்த மொழி அனுமதிப்பதில்லை. ‘ஆட்’ என்ற மெத்தடைத்தான் அழைக்க வேண்டும். பிக்டெசிமல் மாறாத ஆப்ஜெக்ட். ‘ஆட்’ செய்தால் பழையது அப்படியே இருக்கும், விடை புதிய ஆப்ஜெக்டாக வரும். அந்த விடையை வாங்கிவைக்காமல் விட்டுவிட்டால் மொத்தத்தில் வரி சேரவே சேராது. புரோகிராமும் புகார் சொல்லாது. இத்தனை இருந்தும் மாறாத ஆப்ஜெக்ட்தான் பணத்துக்கு ஏற்றது. ஒரு பில்லின் தொகையை வேறொரு பகுதி கைபோட்டு மாற்றிவிடும் என்ற பயமே இல்லை.

● 1959-60-இல் உருவான கோபால் மொழி முதலிலிருந்தே தசமத்தில் எண்ணியது. ‘பிக்சர்’ என்ற பகுதியில் எத்தனை இலக்கம், புள்ளி எங்கே, கமா எங்கே என்று படம் வரைவதுபோல எழுதிவிடலாம். கமாவை விரும்பிய இடத்தில் வைக்கலாம் என்பதால் லட்சம், கோடிக் கணக்குக்கும் அது தடையில்லாமல் பொருந்தியது. காசோலையில் யாரும் முன்னால் ஓர் இலக்கம் சேர்த்துவிடாதபடி காலி இடத்தை நட்சத்திரக் குறியால் நிரப்பும் வசதிகூட அதில் உண்டு. பின்னால் வந்த பல மொழிகள் இந்த அக்கறையைக் கைவிட்டது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

● இனி, இந்தத் துணுக்குகளின் நடுநாயகத்துக்கு வருவோம். 500 என்பது பணமா? இல்லை. 500 ரூபாயா, 500 யென்னா, 500 தினாரா என்று தெரியாதவரை அது வெறும் எண். தொகையையும் நாணயத்தையும் பிரிக்க முடியாதபடி ஒரே ஆப்ஜெக்டில் கட்டிவைப்பதற்கு ‘மணி’ பேட்டர்ன் என்று பெயர். மார்ட்டின் ஃபவுலர் 2002-இல் வெளியிட்ட ‘பேட்டர்ன்ஸ் ஆஃப் என்டர்பிரைஸ் அப்ளிகேஷன் ஆர்க்கிடெக்சர்’ நூலில் இதை விரிவாக விளக்கினார். பணத்துக்கென்று தனி கிளாஸ் எழுதிவிட்டால், செய்யக்கூடாததைச் செய்ய முடியாதபடி அதுவே தடுக்கும். ரூபாயோடு ரூபாயைக் கூட்டலாம். ரூபாயோடு டாலரைக் கூட்டினால் பிழை எறியும். பணத்தை ஓர் எண்ணால் பெருக்கலாம். பணத்தைப் பணத்தால் பெருக்க மெத்தடே இருக்காது, ஏனென்றால் ‘சதுர ரூபாய்’ என்று உலகில் ஒன்று கிடையாது. பணத்தைப் பணத்தால் வகுத்தால் வருவது பணமில்லை, விகிதம். கிளாஸும் விடையை வெறும் எண்ணாகவே தரும்.

பெரிய நிறுவனங்களின் புரோகிராம்களில்கூட தொகை ஓர் இடத்திலும் நாணயக் குறியீடு வேறோர் இடத்திலுமாக அலைவதைக் காணலாம். ஆப்ஜெக்ட் ஓரியன்டட் முறையின் பயனை ஒரே எடுத்துக்காட்டில் காட்டச் சொன்னால் நான் காட்டுவது இந்த ‘மணி’ கிளாஸைத்தான். பாடநூல்களில் வரும் நாய், பூனை, விலங்கு கிளாஸ்களைவிட இது மாணவருக்கு ஆயிரம் மடங்கு உதவும்.

● அவசரத்தில் எழுதி, பிறகு சரிசெய்வோம் என்று தள்ளிப்போடும் வேலையைக் கணினித் துறையில் ‘டெக்னிக்கல் டெட்’, அதாவது தொழில்நுட்பக் கடன் என்கிறார்கள். அந்த உவமையை வார்டு கன்னிங்காம் 1992-இல் முன்வைத்தார். எந்த புரோகிராமைப் பற்றிய கட்டுரையில் தெரியுமா? முதலீடுகளை நிர்வகிப்பதற்காக ஸ்மால்டாக் மொழியில் எழுதப்பட்ட ‘வைகேஷ்’ என்ற ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமைப் பற்றி. கென்ட் பெக் தம் ‘டெஸ்ட் டிரிவன் டெவலப்மென்ட்’ நூலில் டாலரையும் சுவிஸ் ஃபிராங்கையும் கூட்டும் எடுத்துக்காட்டைப் படிப்படியாக வளர்த்ததற்கும் வைகேஷ் கதையே தூண்டுதல்.

● நாணயங்களுக்கான மூன்றெழுத்துக் குறியீடுகள் ஐஎஸ்ஓ 4217 தரத்தில் வருகின்றன; முதல் பதிப்பு 1978. பெரும்பாலும் முதல் இரண்டு எழுத்து நாட்டையும் மூன்றாவது நாணயத்தையும் குறிக்கும். இந்திய ரூபாய் ஐஎன்ஆர், இலங்கை ரூபாய் எல்கேஆர், சிங்கப்பூர் டாலர் எஸ்ஜிடி, மலேசிய ரிங்கிட் எம்ஒய்ஆர். எண் குறியீடும் உண்டு: இந்தியாவுக்கு 356, இலங்கைக்கு 144.

● எல்லா நாணயத்துக்கும் இரண்டு தசம இடம் என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. ஜப்பானிய யென்னுக்கும் தென்கொரிய வோனுக்கும் தசமமே கிடையாது. குவைத், பஹ்ரைன், ஓமன், ஜோர்டான், துனிசியா நாணயங்களுக்கு மூன்று இடம். ஒரு குவைத் தினாருக்கு 1000 ஃபில்ஸ். வளைகுடாவிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் ஒருவர் 125.755 தினார் என்று போட்டதைச் செயலி இரண்டு இடத்தில் வெட்டினால் 5 ஃபில்ஸ் காணாமல் போகும். ஒருவருக்குச் சிறு தொகைதான். எல்லோருடையதையும் சேர்த்தால் சிறு தொகையில்லை. மொரிடானியாவின் ஊகியாவும் மடகாஸ்கரின் அரியரியும் இன்னும் விநோதம். அவற்றின் சில்லறை நூறில் ஒன்றில்லை, ஐந்தில் ஒன்று.

ஜாவாவில் 2002-இல் வந்த 1.4 பதிப்பிலிருந்தே ‘கரன்சி’ என்ற கிளாஸ் இருக்கிறது. எந்த நாணயத்துக்கு எத்தனை தசம இடம் என்று அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இரண்டு என்று நாமே எழுதிவைக்கத் தேவையே இல்லை.

● $ குறியை அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், ஹாங்காங் எல்லாம் பயன்படுத்துகின்றன. ‘ரூ.’ என்றால் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், நேபாளம், மொரீஷியஸ் எதுவாகவும் இருக்கலாம். அதனால் டேட்டாபேஸில் குறியைச் சேமிக்கக் கூடாது. குறியீட்டைச் சேமிக்க வேண்டும். குறி என்பது திரையில் காட்டும்போது மட்டும் ஒட்டிக்கொள்ள வேண்டியது.

● ₹ குறியை வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் தர்மலிங்கம். 2010 ஜூலை 15 அன்று ஒன்றிய அமைச்சரவை அதை ஏற்றது; அதே ஆண்டு அக்டோபரில் வெளியான யூனிகோடு 6.0-இல் இடம்பெற்றுவிட்டது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 2003-இல் வந்த யூனிகோடு 4.0-இல், தமிழுக்கென்று ௹ என்ற தனி ரூபாய்க் குறி சேர்ந்துவிட்டது. ஆனால் இன்றும் தமிழ் இதழ்களில் ‘ரூ.’ தான் ஆட்சி செய்கிறது.

● ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரத்து நானூற்று ஐம்பத்தாறை நாம் 1,23,456 என்று எழுதுகிறோம். முதலில் மூன்று, பிறகு இரண்டிரண்டு. ஜாவாவோடு வரும் ‘டெசிமல்ஃபார்மட்’ கிளாஸுக்கு இது வராது. அதன் ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள்: வடிவத்தில் எத்தனை கமா போட்டாலும் கடைசிக் குழுவின் அளவைத்தான் எல்லாக் குழுவுக்கும் எடுத்துக்கொள்ளும். கேட்டது லட்சக் கணக்கு, கிடைப்பது 123,456. கோடிக்கணக்கான மக்களின் எழுதும் முறையை இத்தனை காலமாக ஒரு முக்கிய மொழியின் அடிப்படை நூலகம் கண்டுகொள்ளாதது சரியில்லை.

இதற்கு வழி இல்லாமலில்லை. ஐசியூ என்ற இலவச நூலகத்தின் டெசிமல்ஃபார்மட் இரண்டாவது குழு அளவையும் புரிந்துகொள்ளும். டாட்நெட்டில் குழு அளவுகளை 3, 2 என்று வரிசையாகவே கொடுக்கலாம். ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்டல்’ நம்பர்ஃபார்மட்டிடம் இந்தியத் தமிழ் என்று சொன்னால் போதும், கமாக்கள் தானாக இடம் பார்த்து உட்காரும்.

● தமிழ் என்றால் எல்லா ஊரிலும் ஒரே கமா இல்லை. உலக மொழிகளின் வழக்கங்களைத் தொகுக்கும் சிஎல்டிஆர் தரவில் இந்தியத் தமிழுக்கு 12,34,567 என்றும், சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கு 1,234,567 என்றும் இருக்கிறது. மொழியை மட்டும் கேட்டுவிட்டு நாட்டைக் கேட்காத செயலி, கோலாலம்பூர்த் தமிழருக்கு லட்சக் கணக்கைக் காட்டும்.

● ஜெர்மனியில் 1.234,56 € என்று எழுதுவார்கள். புள்ளிக்கும் கமாவுக்கும் வேலை மாறியிருக்கும். குறி பின்னால் வரும். அங்கே 1.234 என்று ஒருவர் தட்டினால் அது ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு. இங்கே ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைவு. திரையில் காட்டுவதைவிட, மனிதர் தட்டியதை எண்ணாக மாற்றுவதில்தான் ஆபத்து அதிகம். ஜெர்மன் வடிவத்தில் எண்ணுக்கும் குறிக்கும் இடையே இருப்பது சாதாரண இடைவெளியில்லை, வரி முடிவில் உடையாத இடைவெளி. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் வேறு என்று சொல்லும்.

● காசோலைக்கும் ரசீதுக்கும் தொகையை எழுத்தில் தர வேண்டும். ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலை எடுத்துச் சொற்களை மட்டும் தமிழாக்கினால் ‘நான்கு நூறு ஐம்பது ஆறு’ என்றுதான் வரும். தமிழில் பின்னால் இன்னொரு எண் வந்தால் நூறு நூற்று ஆகும், ஆயிரம் ஆயிரத்து ஆகும், லட்சம் லட்சத்து ஆகும். நானூறு, ஐந்நூறு, எண்ணூறு ஒவ்வொன்றும் தனித் தனி வடிவம். தொள்ளாயிரம் எந்த விதிக்கும் அடங்காது. தமிழ் எண்களுக்கு எனத் தனி கிளாஸ் எழுதி, எண்ணுக்குப் பின்னால் இன்னொரு எண் வருகிறதா என்று ஒவ்வொரு படியிலும் கேட்பதே சரியான வழி.

● 2.5-ஐ ரவுண்ட் செய்தால்? பைத்தான் 3-ம் சி ஷார்ப்பும் 2 என்று சொல்லும். ஜாவாவின் ‘மேத் ரவுண்ட்’ 3 என்று சொல்லும். முதல் முறைக்கு வங்கியாளர் முறை என்று பெயர். சரிபாதியில் நிற்பதை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளும், 3.5 என்றால் 4. எப்போதும் மேலேயே தள்ளினால் மொத்தம் மெல்ல வீங்கும் என்பதால் இந்த ஏற்பாடு. ஜாவாவின் பிக்டெசிமலுக்கு மட்டும் எட்டு வகை ரவுண்டிங் உண்டு.

இன்னொன்றையும் பாருங்கள். ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் மேத் ரவுண்ட் 2.5-ஐ 3 ஆக்கும், கழித்தல் 2.5-ஐ கழித்தல் 2 ஆக்கும். வாங்கும்போது 3 ரூபாய், அதே தொகையைத் திருப்பித் தரும்போது 2 ரூபாய்!

● எந்த ரவுண்டிங் என்பதைப் புரோகிராமர் தீர்மானிக்க முடியாது, சட்டம் தீர்மானிக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவு வரியை அருகிலுள்ள ரூபாய்க்குக் கொண்டுவரச் சொல்கிறது. 50 பைசாவும் அதற்கு மேலும் என்றால் மேலே. 1961 வருமான வரிச் சட்டத்தின் 288ஏ பிரிவு மொத்த வருமானத்தைப் பத்து ரூபாயின் மடங்காக்கச் சொன்னது. மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்க பில் ஐந்து சென்னின் மடங்காகிறது. கனடா 2013-இல் ஒரு சென்ட் நாணய விநியோகத்தை நிறுத்தியபின் ரொக்கத்துக்கு ஐந்து சென்ட் கணக்கு. கார்டில் கட்டினால் சென்ட் வரை துல்லியம். ஆக, ஒரே பில்லுக்கு, எப்படிக் கட்டுகிறார் என்பதைப் பொறுத்து இரண்டு தொகை. ரவுண்டிங் விதியைக் கூட்டல் கழித்தலுக்குள் புதைக்காமல் தனி ஆப்ஜெக்டாக வைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

● 10 ரூபாய் 50 பைசா பொருளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1.89. அதையே மத்திய வரி 9, மாநில வரி 9 என்று பிரித்து ஒவ்வொன்றையும் ரவுண்ட் செய்தால் 0.945 என்பது 0.95 ஆகி, மொத்தம் 1.90. ஒரு பைசா முளைத்துவிட்டது. நூறு ரூபாயை மூவருக்குப் பிரித்தால் தலா 33.33, ஒரு பைசா தொலைந்துவிட்டது. ஃபவுலரின் மணி பேட்டர்னில் இதற்கென்றே ‘அலகேட்’ என்ற மெத்தட் உண்டு. அது 33.34, 33.33, 33.33 என்று பிரித்துத் தரும். பங்குகளைக் கூட்டினால் முதலில் இருந்த தொகை அப்படியே திரும்ப வர வேண்டும். எனக்குத் தெரிந்து பணக் கணக்கில் இதைவிட முக்கியமான விதி வேறில்லை.

● ரவுண்ட் செய்யாமல் வெறுமனே வெட்டினால் என்ன ஆகும்? கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் ஒரு குறியீட்டை 1000 புள்ளியில் தொடங்கியது. ஒவ்வொரு வர்த்தகத்துக்குப் பிறகும் விடையை மூன்று தசம இடத்தில் வெட்டினார்கள். சந்தை நன்றாக நடந்தும் குறியீடு சரிந்துகொண்டே போய் 1983 நவம்பரில் 524.811-இல் நின்றது. திருத்திக் கணக்கிட்டபோது வந்த எண் 1098.892. பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது, வெறும் மூன்றாம் தசம இடத்துக்குப் பின்னால்.

● யூரோ 1999 ஜனவரி 1 அன்று பிறந்தபோது மாற்று விகிதங்களை ஆறு முக்கிய இலக்கங்களில் அறிவித்தார்கள். ஒரு யூரோ 1.95583 ஜெர்மன் மார்க், 6.55957 பிரெஞ்சு ஃபிராங்க். விகிதத்தை ரவுண்ட் செய்யக் கூடாது, தலைகீழாக்கிப் பெருக்கக் கூடாது. மார்க்கை ஃபிராங்காக்க வேண்டுமானால் முதலில் யூரோவாக்கி, இடைத் தொகையை மூன்று தசம இடத்துக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, பிறகே ஃபிராங்காக்க வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டமே எழுதியது. கணிதப் படிகளைச் சட்டத்தில் எழுதிவைத்த அருமையான முன்மாதிரி.

● நாணயங்கள் இறப்பதும் உண்டு. துருக்கி 2005-இல் ஆறு பூஜ்யங்களை நீக்கி டிஆர்எல் என்பதை டிஆர்ஒய் ஆக்கியது. ஜிம்பாப்வே 2006-இல் மூன்று, 2008-இல் பத்து, 2009-இல் பன்னிரண்டு என்று பூஜ்யங்களை உதிர்த்தது. ஒவ்வொரு முறையும் புதிய குறியீடு. குரோஷியா 2023-இல் குனாவை விட்டு யூரோவுக்கு வந்தது. பழைய பில்லைப் பழைய குறியீட்டோடும் தேதியோடும் அப்படியே வைத்திருக்க வேண்டும். இன்றைய நாணயத்துக்கு மாற்றி எழுதினால் வரலாறு அழியும்.

● ஜாவாவின் நம்பர்ஃபார்மட் ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி, பல த்ரெட்கள் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் பகிர்ந்துகொண்டால் ஒருவருடைய தொகை இன்னொருவரின் திரையில் கலக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியாகக் கொடுங்கள்.

● ஜாவாவுக்கென்று முழுமையான பண ஏபிஐ (நிரல் இடைமுகம்) ஒன்று ஜேஎஸ்ஆர் 354 என்ற பெயரில் 2015-இல் இறுதியானது. தொகை, நாணயம், மாற்று விகிதம், வடிவமைப்பு எல்லாம் அதில் தனித்தனி ஆப்ஜெக்ட். ஆனால் அது ஜாவாவோடு சேர்ந்து வருவதில்லை. நாமே தேடிச் சேர்க்க வேண்டும். பலர் தேடுவதில்லை.

● ஐஎஸ்ஓ 4217-இல் எக்ஸ்டிஎஸ் என்று ஒரு குறியீடு இருக்கிறது. எந்த நாட்டுக்கும் உரியதில்லை, சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதை வைத்துக்கொண்டு உங்கள் புரோகிராமைச் சோதிக்கத் தொடங்குங்கள். பிறகு தசமமில்லாத யென், மூன்று தசமம் உள்ள குவைத் தினார், ஒரு கோடியைத் தாண்டும் ரூபாய், திருப்பித் தரும் கழித்தல் தொகை ஆகிய நான்கையும் கொடுத்துப் பாருங்கள். இந்த நான்கில் ஒன்றிலாவது தடுக்கி விழும் பில் புரோகிராமைக் கடைக்காரர் கையில் கொடுக்காதீர்கள்.